புதுச் சட்டியும் புதுக் கணினியும்



நம் வீட்டுப் பெண்கள் புது மண்சட்டி ஒன்றை வாங்கி வந்தால், அன்றைக்கே அதில் குழம்பு வைத்துவிடுவதில்லை. சட்டியை நீரில் ஊற வைப்பார்கள். அரிசி கழுவிய நீரையோ கஞ்சியையோ ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள். இப்படிச் சில நாள் பழக்கிய பிறகே சமையலுக்கு எடுப்பார்கள். சூளையிலிருந்து நம் அடுப்புக்கு வந்து சேர்வதற்குள் அது பல கை மாறியிருக்கிறது, மண்ணும் சாம்பலும் ஒட்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டாயிரம், மூவாயிரம் வெள்ளி கொடுத்து ஒரு புதுக் கணினி வாங்கி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பெட்டியைப் பிரித்த அன்று மாலையே வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை அதில் இட்டுவிடுகிறோம்.

புதுக் கணினியையும் பழக்கித்தான் எடுக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். அவ்வாறு பழக்குவதற்குள்ள சிறந்த வழி, கணினியில் ஏற்கெனவே உள்ளவற்றை அடியோடு அழித்துவிட்டு, இயங்குதளத்தை நாமே புதிதாக நிறுவிக்கொள்வது. அது ஏன் தேவை, எப்படிச் செய்வது, அதனால் ஆகாதது எது என்ற மூன்றையும் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் இயங்குதளம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கணினியின் விசைப்பலகை, திரை, நினைவகம், வன்தட்டு எல்லாம் வெறும் பொருள்கள். அவற்றை ஒன்றாக இயக்கி, நாம் இடும் கட்டளையை நிறைவேற்றும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. கடைகளில் விற்கும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் விண்டோஸ் இருப்பதால், இன்று அதைக்கொண்டே விளக்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். மூத்த மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. தந்தை லாரி ஓட்டுபவர். சேமித்து வைத்திருந்த பணத்தில் மகளுக்கு ஒரு மடிக்கணினி வாங்கினார். "எல்லாம் போட்டாச்சு அண்ணே, திறந்தா போதும்," என்று சொல்லிக் கொடுத்தார் கடைக்காரர். கேட்டவருக்கு மகிழ்ச்சிதான்.

ஒரு மாதம் சென்றது. ஓர் இரவு திரையின் மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழுந்தது. உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, பாதுகாப்பு முடிந்துவிட்டது, உடனே பணம் செலுத்துங்கள் என்றது அது. அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்த தந்தை பதறிப்போய், வங்கி அட்டையை எடுத்து எண்களைத் தட்டத் தொடங்கினார். "அப்பா, கொஞ்சம் இருங்க," என்று தடுத்த மகள் எங்களைத் தொலைபேசியில் அழைத்தாள்.

போய்ப் பார்த்தோம். கணினியோடு சேர்ந்து வந்த நச்சுநிரல் தடுப்பு மென்பொருளின் 30 நாள் சோதனைக் காலம் முடிந்திருந்தது. பணம் கட்டித் தொடரும்படி அது கேட்டிருக்கிறது, அவ்வளவே. அதில் திருட்டு எதுவும் இல்லை. ஆயினும் அந்தத் தந்தை கேட்ட கேள்வி எங்களைச் சிந்திக்க வைத்தது. "இது நெசமான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நாளைக்கு ஒரு திருடன் இதே மாதிரி செவப்புப் பெட்டி காட்டினா, அவனுக்கும் நான் கட்டத்தானே செய்வேன்?" என்றார் அவர்.

நேயர்களே, இதுதான் இந்தப் பொருளின் உயிர்நாடி. தம் கணினியில் என்னென்ன இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. தெரியாததால், எந்த அறிவிப்பு மெய், எது பொய் என்று பிரித்தறிய அவரிடம் வழியில்லை. அன்றிரவு அவரும் மகளும் கேட்காமல், ஆனால் கணினியில் குடியிருந்த மென்பொருள்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதினோம். தாள் நிறைந்துவிட்டது. விளையாட்டுகள், கடைகளின் விளம்பரங்கள், உலாவியில் ஒட்டிக்கொண்ட பட்டைகள், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மூன்று கருவிகள் என்று பட்டியல் நீண்டது.

இவை எப்படி உள்ளே வருகின்றன? கணினி விற்பனையில் போட்டி அதிகம், இலாபம் குறைவு. ஆகவே தங்கள் சரக்கை முன்கூட்டியே கணினியில் ஏற்றிவைக்கப் பிற மென்பொருள் நிறுவனங்கள் தரும் பணம், தயாரிப்பாளருக்கு ஒரு துணை வருவாயாக அமைகிறது. வாங்குபவர்களில் ஒரு பகுதியினர் சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கட்டித் தொடர்வார்கள் என்பது அவர்கள் கணக்கு. 2008-ஆம் ஆண்டில் சோனி நிறுவனம், தன் மடிக்கணினிகள் சிலவற்றில் இத்தகைய மென்பொருள்களை நீக்கித் தருவதற்கு ஏறக்குறைய 50 அமெரிக்க வெள்ளி கட்டணம் விதிக்க முற்பட்டது. கண்டனம் எழுந்ததும் கட்டணத்தைக் கைவிட்டது. போட்டவர்களே எடுப்பதற்குக் கூலி கேட்ட கதை அது.

வேகம் குறைகிறது, இடம் அடைகிறது என்பதோடு இத்தொல்லை நின்றிருந்தால் நாம் இவ்வளவு பேச வேண்டியதில்லை. அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டென்பதை 2015-ஆம் ஆண்டு உலகம் கண்டது.

2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் விற்ற மடிக்கணினிகள் பலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே இடப்பட்டிருந்தது. நாம் பார்க்கும் இணையப் பக்கங்களில் தன் விளம்பரங்களைப் புகுத்துவது அதன் வேலை. ஆனால் வங்கி போன்ற பாதுகாப்பான பக்கங்கள் மறைமொழியில் வருவதால், இடையில் எவரும் நுழைய முடியாது. அந்தத் தடையைத் தாண்ட அது செய்த காரியத்தைக் கவனியுங்கள்.

நம் வீட்டுக்கு ஓர் அதிகாரி வந்தால் அடையாள அட்டையைக் கேட்கிறோம். அட்டையை வழங்கியது பதிவுத் துறை என்று தெரிந்தால் நம்புகிறோம். கணினியும் அப்படித்தான். வங்கியின் இணையத்தளம் ஒரு சான்றிதழைக் காட்டும். அதை வழங்கியவர், நம்பத்தக்கவர் என்று கணினி வைத்திருக்கும் பட்டியலில் உள்ளவரா என்று உலாவி சரிபார்க்கும். சூப்பர்ஃபிஷ், அந்தப் பட்டியலில் தன் பெயரையே சேர்த்துக்கொண்டது. பிறகு எந்த வங்கியின் பெயரிலும் தானே அட்டை அடித்துக் காட்டலாயிற்று, உலாவியும் ஏற்றுக்கொண்டது. இதனால் உரிமையாளருக்கும் அவருடைய வங்கிக்கும் நடுவே ஒரு மூன்றாம் ஆள் நின்றான்.

அதைவிடக் கொடுமை, அந்த அட்டைகளை அடிக்கும் இரகசியச் சாவி எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருந்தது. 2015 பிப்ரவரியில் ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சில மணி நேரத்திலேயே அந்தச் சாவியை எடுத்துக் காட்டினார். சாவியைக் காத்த கடவுச்சொல், அத்தொழில்நுட்பத்தைத் தந்த கொமோடியா என்ற நிறுவனத்தின் பெயரே! ஒரு காப்பிக் கடையில் பொது இணைப்பைப் பயன்படுத்தும் எவனும் அந்தச் சாவியைக் கொண்டு, பக்கத்து மேசைக்காரரின் வங்கியாக நடிக்கக்கூடிய நிலை ஏற்பட்டது. அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவு பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. 2017-ஆம் ஆண்டில் அந்நாட்டின் கூட்டரசு வாணிப ஆணையமும் 32 மாநிலங்களும் லெனோவோவுடன் உடன்பாடு கண்டன. மாநிலங்களுக்கு 35 இலட்சம் அமெரிக்க வெள்ளி செலுத்த அந்நிறுவனம் இசைந்தது.

இந்தச் செய்தியில் நம் தலைப்புக்கு வேண்டிய பாடம் ஒன்றிருக்கிறது. சூப்பர்ஃபிஷ் மென்பொருளை வழக்கமான முறையில் நீக்கியவர்கள், தொல்லை ஒழிந்தது என்று நினைத்தார்கள். மென்பொருள்தான் போயிற்று, பட்டியலில் சேர்ந்த அந்தப் பெயர் போகவில்லை. அதைத் தனியே தேடி நீக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் டெல் நிறுவனத்தின் கணினிகள் சிலவற்றிலும் இதைப் போன்ற சான்றிதழ் கண்டுபிடிக்கப்பட்டது. அது விளம்பரத்துக்காக வந்ததன்று. வாடிக்கையாளருக்கு உதவி செய்யும் கருவியோடு வந்தது. அந்தச் சான்றிதழை மட்டும் அழித்தால், கருவி அதை மீண்டும் கொண்டுவந்து வைத்தது. டெல் மன்னிப்புக் கேட்டு, நீக்கும் முறையை வெளியிட்டது. ஆக, களையை மேலாகக் கிள்ளினால் வேர் தங்கிவிடும். மண்ணைப் புரட்டிப்போட்டு விதைப்பதே முறை.

பேர்பெற்ற நிறுவனங்களின் கதை இது. விலை மலிவு என்று, உரிமம் இல்லாத விண்டோஸோடு விற்கப்படும் கணினிகளின் நிலை என்ன? 2011-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் சீனாவின் பல நகரங்களில் 20 புதுக் கணினிகளைக் கடைகளிலிருந்து வாங்கிச் சோதித்தார்கள். அவற்றில் இருந்தவை போலி விண்டோஸ் பதிப்புகள். 4 கணினிகளில் நச்சுநிரல்கள் ஏற்கெனவே புகுந்திருந்தன. அவற்றுள் ஒன்று நிட்டோல் என்பது. பென்டிரைவ் வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது அது. தொழிற்சாலைக்கும் வாங்குபவருக்கும் இடையே எங்கோ ஒரு கையில் இவை ஏற்றப்பட்டிருந்தன. பெட்டி புதிது, உள்ளே இருந்தது புதிதல்ல. வெளுத்ததெல்லாம் பாலாகாது என்று நம் பெரியோர் சொன்னது கணினிக்கும் பொருந்தும்.

இனி, செய்முறைக்கு வருவோம். விண்டோஸிலேயே கணினியைத் தொடக்க நிலைக்குத் திருப்பும் வசதி இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். பல கணினிகளில் அந்த வசதி, தயாரிப்பாளர் சேர்த்த மென்பொருள்களையும் மீண்டும் கொண்டுவந்துவிடும். எனவே வெளியிலிருந்து தூய பதிப்பைக் கொண்டு நிறுவுவதே நம் நோக்கத்துக்கு ஏற்றது.

முதல் படி, தொடுவதற்கு முன் எண்ணிப் பார்ப்பது. கணினியின் மாதிரிப் பெயரையும் தொடர் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாத விதிகளைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கணினியோடு ஆபிஸ் தொகுப்பு விலையில் சேர்ந்து வந்திருந்தால், அதன் உரிமையை உங்கள் கணக்கில் பதிந்துவிட்டுப் பிறகு தொடருங்கள். விண்டோஸ் உரிமம் முறையாகச் செயல்படுகிறதா என்று அமைப்புப் பக்கத்தில் பாருங்கள். அண்மைக்காலக் கணினிகளில் உரிமம் அந்த வன்பொருளோடு பிணைக்கப்பட்டிருப்பதால், ஹோம் பதிப்பு இருந்தால் ஹோம், புரோ இருந்தால் புரோ என்று அதே பதிப்பை மறுபடி நிறுவும்போது, இணைய இணைப்புக் கிடைத்ததும் அது தானாகவே செயல்படத் தொடங்கும். புதிதாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் படி, நிறுவல் பென்டிரைவைத் தயாரிப்பது. குறைந்தது 8 ஜிகாபைட் கொள்ளளவுள்ள பென்டிரைவ் ஒன்று தேவை. அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் வெறுமையானதாக இருக்கட்டும். நம்பிக்கையான வேறொரு கணினியில், மைக்ரோசாப்டின் சொந்த இணையத்தளத்திலிருந்து நிறுவல் கருவியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: நண்பர் வைத்திருக்கிறார், கடைக்காரர் தருகிறார் என்று எவருடைய பென்டிரைவையும் வாங்கி நிறுவாதீர்கள். ஊற்றும் தண்ணீரே கலங்கலானால் சட்டியைக் கழுவி என்ன பயன்? அப்படியே, கணினித் தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து உங்கள் மாதிரிக்குரிய கம்பியில்லா இணைப்பின் இயக்கியை வேறொரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவி முடித்தபின் இணையம் வராமல் திகைப்பவர்கள் பலர்.

மூன்றாம் படி, நிறுவுதல். பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, வன்தட்டில் உள்ள பழைய பிரிவுகளை அழித்துவிட்டு, வெற்றிடத்தில் நிறுவச் செய்ய வேண்டும். இந்த இடத்தில் நிதானம் தேவை. அழிந்தது அழிந்ததுதான். கணினியில் இரண்டு வன்தட்டுகள் இருந்தால் எது எதுவென்று உறுதி செய்துகொள்ளுங்கள். படங்களும் பாடக் குறிப்புகளும் ஏற்கெனவே சேர்ந்திருந்தால், அவற்றை வெளியே படியெடுத்து, அந்தப் படி திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வாங்கிய முதல் நாளே இதைச் செய்வது சிறந்தது என்று நாம் சொல்வதற்குக் காரணம், அன்று இழப்பதற்கு ஒன்றுமில்லை.

நான்காம் படி, நிறுவிய பின் செய்ய வேண்டியவை. முதலில் விண்டோஸின் புதுப்பித்தல்களை எல்லாம் ஏற்றிக்கொள்ளுங்கள். விடுபட்ட இயக்கிகளைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றில் டிபெண்டர் என்ற காப்பு மென்பொருள் உடனுள்ளது. வேறொரு காப்பு மென்பொருள் வந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். வீட்டுப் பயன்பாட்டுக்கு அதுவே பெரும்பாலும் போதுமானது. புதுக் கணினிகள் பலவற்றில் வன்தட்டு தானாகவே பூட்டப்படுகிறது. அதற்கு 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு. அது எந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, தாளிலும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் உரிய கடவுச்சொற்கள் அந்தக் கணினிக்குள் நுழைய வேண்டும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அதற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டது. எனவே புதிதாக நிறுவும்போது, கணினி இடங்கொடுத்தால் விண்டோஸ் 11-ஐ நிறுவுவதே முறை. உரிமமில்லாத விண்டோஸோடு கணினி வாங்கிவிட்டவர்கள், உரிமம் வாங்க வசதி இல்லாதபோது, உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகளை இலவசமாகவும் சட்டப்படியும் நிறுவிக்கொள்ளலாம். எழுதுவதற்கும் படிப்பதற்கும் இணையம் பார்ப்பதற்கும் அது தாராளமாகப் போதும்.

நேயர்களே, எந்த மருந்துக்கும் எல்லை உண்டு. 2015-ஆம் ஆண்டிலேயே லெனோவோவின் சில கணினிகளில் இன்னொரு செய்தி வெளியாயிற்று. விண்டோஸை அடியோடு அழித்துத் தூய்மையாக நிறுவிய பிறகும், நிறுவனத்தின் கருவி ஒன்று மீண்டும் வந்து உட்கார்ந்தது. காரணம், அது வன்தட்டில் இல்லை. மின்சுற்றுப் பலகையில் பதிந்துள்ள அடிப்படை நிரலில் இருந்தது. அதை நீக்கும் திருத்தத்தை நிறுவனம் பின்னர் வெளியிட்டது. ஆகவே அடிப்படை நிரலுக்கான திருத்தங்களையும் தயாரிப்பாளரின் தளத்தில் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். அதோடு, தூய்மையாக நிறுவிய கணினியில் நாளையே கண்ட கண்ட மென்பொருளை ஏற்றினால், அந்தக் கேட்டுக்கு நாமே பொறுப்பாவோம்.

இவ்வளவும் தம்மால் ஆகாது என்று தயங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களும் சும்மா இருந்துவிட வேண்டாம். அமைப்புப் பக்கத்தில் உள்ள மென்பொருள் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றின் பெயரையும் தாளில் எழுதுங்கள். இது என்ன, இதை நாம் கேட்டோமா என்று ஒவ்வொன்றுக்கும் விடை காணுங்கள். சோதனைப் பதிப்புகளை அவற்றின் காலம் முடியும்வரை காத்திராமல் இன்றே நீக்குங்கள். பிறகு, பள்ளியிலோ அண்டை வீட்டிலோ விவரம் அறிந்த ஓர் இளைஞர் இருந்தால், ஒரு விடுமுறை நாளில் அவரை அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து முழுமையாக நிறுவிக்கொள்ளுங்கள். அவரே செய்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று எழுந்து போய்விடாதீர்கள். பார்த்துக் கற்றுக்கொள்வதில்தான் பயன் இருக்கிறது.

அந்த லாரி ஓட்டுநரின் வீட்டில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினோம். மகள் விசைகளைத் தட்டினாள்; தந்தை பக்கத்தில் அமர்ந்து, ஏற்றும் ஒவ்வொரு மென்பொருளின் பெயரையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதினார். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. புத்தகத்தில் ஏழெட்டு வரிகளே இருந்தன.

சில மாதங்களுக்குப் பின், ஓர் இணையப் பக்கத்தில் அதே மாதிரி சிவப்புப் பெட்டி எழுந்தது. இம்முறை அவர் வங்கி அட்டையைத் தேடவில்லை. புத்தகத்தைத் தேடினார். அந்தப் பெயர் அதில் இல்லை. "இது நம்ம வீட்டு ஆள் இல்ல," என்று சொல்லிப் பக்கத்தை மூடிவிட்டாராம்.

நம் கணினியில் யார் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒன்றுக்காகவே இத்தனை பாடு. புதுக் கணினி வாங்கும் நாளில் அரை நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு பயிற்சிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.